ஓட்டை இல்லாத டாங்கி

இருபத்திரண்டு வயதில் மாமாவின் பின்புறம் எவ்வளவு அகலம் இருந்திருக்கும்?

இதை யாரிடமும் கேட்க முடியாது. மாமியார் உயிரோடு இருந்திருந்தாலும் கேட்டிருக்க முடியாது. எண்பதை எட்டப்போகிற மாமனாரை மனதில் நிறுத்தி, உத்தேசமாக முப்பத்தைந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டாள். பொம்மை டாங்கி, நிஜ டாங்கியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. ஆக, ஒரு சென்டிமீட்டர். கணக்கு இத்தனை லட்சணமாக வந்ததில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சக்கரத்துக்கு மேலே இருந்த மட்கார்டில் அந்த அளவுக்குப் பச்சை வண்ணத்தைத் தேய்த்து எடுத்தாள். பென்சில் கரியை விரல் நுனியால் பூசினாள். ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து இரும்பு பளபளத்தது போல ஆயிற்று. போர் நடந்த பதினோரு நாளும் மாமா அங்கேதான் உட்கார்ந்து சீட்டாடியிருக்கிறார்.

இது அவளையும் மாமாவையும் தவிர யாருக்கும் தெரியாது. முக்கியமாக, அவள் கணவனுக்குத் தெரியாது.

பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் அந்தப் பொம்மை டாங்கிப் பெட்டியை வாங்கி வந்தவன் அவன்தான். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குத் தன் கையாலேயே செய்து கொடுப்பதாகச் சபதம் வேறு. முதல் நாளே கட்டைவிரலைச் சக்கரத்தோடு சேர்த்து ஒட்டிக்கொண்டான். வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தெடுத்தபின், பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீயே பண்ணிடேன். உனக்குப் பல்லு பண்ற கை."

அவள் பல் கட்டும் ஆய்வகத்தில் பீங்கான் பற்கள் செய்பவள். வருகிறவர்கள் எல்லோரும் வெள்ளையாகத்தான் கேட்பார்கள். அப்படியே செய்து கொடுத்தால் வாய்க்குள் கழிப்பறை ஓடு பதித்த மாதிரி இருக்கும். அதனால் ஈறோரம் கொஞ்சம் மஞ்சள், விளிம்பில் ஒரு மயிரிழை விரிசல் என்று அவள் யாருக்கும் சொல்லாமல் சேர்த்துவிடுவாள். இருபது வருடத்தில் அவள் கற்றது ஒன்றுதான்: அழுக்கு சும்மா வராது. டீ குடிப்பவன் பல்லில் கறை ஓரிடம், புகை பிடிப்பவன் பல்லில் வேறிடம். காரணமில்லாத அழுக்கைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

பாகங்களை வெட்டி, ராவி, ஒட்டி, பச்சை அடிக்கும்வரை ஒரு வேலையும் இல்லாதது போலிருந்தது. அழுக்காக்க உட்கார்ந்தபோதுதான் வேலை தொடங்கியது. எங்கே மண், எங்கே எண்ணெய், எங்கே பெயிண்ட் உரிந்தது? அட்டைப்படத்தைப் பார்த்து அடிக்க அவளுக்கு மனசில்லை. டாங்கி ஓட்டிய ஆள்தான் கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளைக் கரித்துக் கொட்டிக்கொண்டிருக்கிறாரே.

"மாமா, ஓட்டை எந்தப் பக்கம்?"

அந்த வீட்டில் ஓட்டை என்றால் எல்லோருக்கும் தெரியும். போரில் மாமாவின் டாங்கியில் இரண்டு குண்டு பாய்ந்து இரண்டு ஓட்டை விழுந்தது. அப்படியும் அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. மகன் தேர்வில் தோற்றபோது, காய்ச்சலில் அழுதபோது, கல்யாணத்தன்று கை நடுங்கியபோது, எல்லாவற்றுக்கும் அந்த ஓட்டைகளையே எடுத்துப் போட்டிருக்கிறார். போன வருடம் கடைவாய்ப் பல் பிடுங்கப் போனவன் மரத்துப்போகும் ஊசி வேண்டாமென்று சொல்லிவிட்டான். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்க, ஐம்பது வயது ஆள். பல் டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் என்ன சொல்வாள்? எங்கள் வீட்டில் இரண்டு ஓட்டை இருக்கிறது டாக்டர் என்றா?

"வலது பக்கம்," என்றார் மாமா.

"போன தடவை இடதுன்னீங்க."

"ஒண்ணு வலது, ஒண்ணு இடது."

"சரி. உள்ளே வந்த குண்டு எங்க போச்சு? உள்பக்கம் கருகியிருக்குமே, எவ்வளவு தூரத்துக்குக் கருப்படிக்கணும்?"

அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. கையில் தூரிகையோடு, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஒருவேளை அதனால்தானோ என்னவோ, மாமா செய்தித்தாளை மடித்து வைத்தார். கூடத்தில் வேறு யாருமில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"ஓட்டையெல்லாம் இல்லம்மா."

முதல் நாளே வாய்க்கால் ஓரச் சேற்றில் டாங்கி இறங்கிவிட்டது. இடது பக்கம் பாதிச் சக்கரம்வரை சேறு. இழுத்துவிட வரவேண்டிய வண்டி வேறெங்கோ சிக்கியிருந்தது. பதினொன்றாம் நாள் அது வந்தபோது போர் முடிந்திருந்தது.

"யாரும் சுடவே இல்லையா?"

"எங்க இருக்கோம்னு எங்க ஆளுக்கே சரியாத் தெரியல. எதிரிக்கு எப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அவள், "டீ எங்க வச்சுப் போட்டீங்க?" என்று கேட்டாள்.

அவ்வளவுதான், அணை உடைந்தது. எஞ்சின் மூடிமேல் கெட்டிலை வைத்த இடம், டீ கொட்டிக் கொட்டிக் கறுத்த மூலை, ஏறும்போது பூட்ஸ் உரசிய விளிம்பு, டாங்கியின் தளபதி தன் ஜட்டியைத் துவைத்துப் பீரங்கிக் குழாயில் காயப்போட்டது, திடீரென்று மேலதிகாரி வயர்லெஸில் சுடத் தயாராகச் சொன்னதும் ஜட்டியோடேயே குழாயைத் திருப்பியது. சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறிவிட்டது. இந்த வீட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடத்தில் அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

மூன்று வாரம், கணவனைத் தன் வேலை அறைக்குள் விடாமல், அந்த அழுக்கைச் செய்தாள். ஆய்வகத்தில் பல் அச்சு எடுக்கும் மாவில் டீத்தூளும் பழுப்பு வண்ணமும் கலந்து சேறாக்கி, இடது பக்கம் மட்டும் பாதிச் சக்கரம்வரை அப்பினாள். காய்ந்த ஓரத்தை வெளுக்க வைத்தாள். எண்ணெய் வண்ணத்தைத் தின்னரில் கரைத்து மூடியின் இடுக்கில் வழியவிட்டாள். கடைசியாகக் காகிதக் கைக்குட்டையில் ஒரு நகத்தளவு வெட்டி, பசை தொட்டு, குழாயில் தொங்கவிட்டாள். பல்லுக்குச் செய்யும் அழுக்கை அவள் யாரிடமும் காட்டிப் பெருமைப்பட்டதில்லை. இதைப் பார்க்க மட்டும் ராத்திரி தூங்கப் போகுமுன் ஒருமுறை விளக்கைப் போட்டாள்.

பிறந்தநாளான ஞாயிற்றுக்கிழமை மதியம் மாமா அவள் அறைக்குள் வந்தார். ஐந்து மணிக்கு விருந்தாளிகள். கணவன் கூடத்தில் நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

மாமா குனிந்து பார்த்தார். மட்கார்டைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், கெட்டில் கறையைப் பார்த்தார். ஜட்டியைப் பார்த்ததும் உதடு துடித்தது.

"அப்படியே இருக்கும்மா."

"பிடிச்சிருக்கா மாமா?"

"அப்படியே இருக்குங்கறதுதான் பிரச்சினை." கதவைச் சாத்தினார். "இதைப் பார்த்தா அவன் முதல்ல எதைத் தேடுவான்?"

அவளுக்குத் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணு போட்டுடும்மா. உன்கிட்டதான் அந்தச் சின்ன மெஷின் இருக்கே. குண்டூசித் தலை அளவு போதும். இன்னொண்ணு சேத்துக்குள்ள இருக்குன்னு நான் சொல்லிக்கறேன்."

"மாமா..."

"தளபதி போயாச்சு, குண்டு நிரப்பினவன் போயாச்சு, சுடறவன் போன வருஷம் போயாச்சு. கேக்க ஆளில்ல. ரெண்டு நிமிஷ வேலை. நான் கேட்டு நீ எதை இல்லேன்னிருக்க?"

அது உண்மைதான். அவள் எதையும் இல்லையென்றதில்லை. கண் ஆபரேஷனுக்குப் பின் மூன்று மாதம் சொட்டு மருந்து விட்டாள். மாமியாரின் கடைசி நாட்களில் இவர் சாப்பிட மறுத்தபோது எதிரே உட்கார்ந்து தானும் சாப்பிடாமலிருந்தாள். கேட்டால் செய்கிறவள் என்ற பெயர் அவளுக்குப் பழைய புடவை போலப் பழகிப்போயிருந்தது. இதையும் செய்யலாம். துளையைப் போட்டு, விளிம்பை லேசாகக் கருக்கி, துருவைத் தடவினால் ஒரு நிபுணர்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. தன் கையால் போட்ட ஓட்டை நிஜ ஓட்டையைவிட நிஜமாக இருக்கும். அது கண்ணாடி அலமாரிக்குள் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். பிடுங்க இன்னொரு கடைவாய்ப் பல் மிச்சமிருக்கிறது அவள் கணவனுக்கு.

"ஜட்டியை வேணும்னா எடுத்துடறேன் மாமா," என்றாள். "விருந்தாளிங்க வர்ற இடம்."

"ஜட்டி கிடக்கட்டும். ஓட்டை?"

"அப்பா!" கூடத்திலிருந்து கணவன் கூப்பிட்டான். "டாங்கியை எங்க வைக்கறது? நடுவுலயா?"

மாமா கதவைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். எண்பது வயதுக்கு அந்தக் கண்ணில் பள்ளிக்கூடத்துப் பையனின் பீதி. அவளுக்கு அவர்மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. துளைபோடும் மெஷினின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கி, சுருட்டி, இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

"ஓட்டை போட மாட்டேன் மாமா."