மூன்றாம் நம்பர் மிஷின்

பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்புக்கு எதிரே மாரிக்கண்ணன் நடத்திவந்த பிரவுசிங் சென்டரில் மொத்தம் நாலு கம்ப்யூட்டர்கள். நாலும் ஒரே நாளில், ஒரே ஆளிடம், பழசாக வாங்கியவை. ஆனாலும் அந்த வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் மூன்றாவதற்கு மட்டும் நெற்றியில் சந்தனப் பொட்டு ஏறிவிட்டது. வைத்தது வேறு யாருமில்லை, மாரிக்கண்ணனேதான்.

அன்று காலையில்தான் குரூப் நாலு தேர்வு முடிவு வந்திருந்தது. ஊரே ஒரே நேரத்தில் போனைத் தட்டியதில் பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. அதனால் சென்டரில் கூட்டம். ஒன்று, இரண்டு, நாலாம் கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பைத் தேடினார்கள். மூன்றாவதில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் தேர்வானார்கள். எல்லோரும் என்றால் எல்லோரும். மத்தியானத்துக்குள் சேதி காரியாபட்டி வரைக்கும் போய், "ராசியான மிஷினாம்ல" என்று அங்கிருந்து ரெண்டு பேர் பஸ் ஏறி வந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரைப் பற்றி இந்த வட்டாரத்திலேயே தனக்குத்தான் தெரியும் என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவந்த மாரிக்கண்ணன், சந்தேகப்பட வேண்டிய நேரத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தான்.

செல்வலட்சுமி தன் அம்மா சந்தனம்மாளோடு வந்தபோது ஒன்றும் நாலும் காலியாகக் கிடந்தன.

"அங்கன உக்காரு தங்கச்சி. எல்லாம் ஒரே நெட்டுதான்."

"இல்லண்ணே, மூணுலயே பாத்துக்கிறேன்."

"ஒரே நெட்டுன்னா ஒண்ணுக்கு மட்டும் ஏம்ப்பா பொட்டு வச்சிருக்க?" என்றாள் சந்தனம்மாள்.

மாரிக்கண்ணன் பொட்டைப் பெருமையோடு பார்த்துக்கொண்டான். அம்மாவும் மகளும் ஒரு மணி நேரம் நின்று, மூன்றாம் நம்பருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். செல்வலட்சுமி நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே நாலாவது தடவையாக எழுதியிருந்தாள். அவள் பதிவெண்ணை மாரிக்கண்ணனே அடித்தான். திரையில் வந்ததை எதிர் டீக்கடைக்கும் கேட்கிற மாதிரி அவனே வாசித்தான்.

சந்தனம்மாள் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "இவ பாஸானா முடி எறக்குறேன்னு வேண்டியிருந்தேன். நாளைக்கு மொதப் பஸ்ஸுக்கே இருக்கன்குடி கோயிலுக்குப் போறேன்."

"நானும் நாளைக்கு மத்தியானம் மில்லுக்குப் போயி வேலைய விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருவேண்ணே," என்றாள் செல்வலட்சுமி. "ரெண்டு வருசமா அந்த சூப்பர்வைசரு, 'கலெக்டரம்மா, நூலு அந்துபோச்சு பாருங்க'ன்னே கூப்பிடுறாரு."

அவர்கள் வாங்கி வந்த சீரணி மிட்டாயில் மாரிக்கண்ணன் ரெண்டு துண்டு தின்றான்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஜெயபாண்டி வந்தான். மாரிக்கண்ணனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன். பத்து வருஷமாக அரசாங்கத் தேர்வு எழுதுகிறவன். மூன்றாம் நம்பரில் உட்கார்ந்து எண்ணை அடித்தான். துள்ளவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்து, வந்த வாசகத்தை மறுபடி வாசித்தான்.

"ஏலே மாரி, இங்க வா. கெவர்மெண்டு எவனையாச்சும் மூணு ஆச்சரியக்குறி போட்டு வாழ்த்துமாலே?"

திரையில் 'வாழ்த்துகள்! தாங்கள் தேர்வாகிவிட்டீர்கள்!!!' என்று இருந்தது.

"இது போன வருசம் நீ எனக்குப் பண்ணுன கூத்துல்ல?"

மாரிக்கண்ணன் குனிந்து அந்த ஆச்சரியக்குறிகளை விரலால் எண்ணிப் பார்த்தான்.

போன வருஷம் வேலை இல்லாத ஒரு மத்தியானம். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிற சின்ன எக்ஸ்டென்ஷன், பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி புரோகிராம் ஒன்று, அதில் இருந்தது. அது பக்கத்தின் எழுத்தைத் தொடுகிறதென்றால் மாற்றவும் முடியுமே என்று அவனுக்குத் தோன்றியது. அதன் ஃபோல்டரை நகல் எடுத்துப் பிரித்தான். உள்ளே இருந்த புரோகிராம் வரிகளை நோட்பேடில் திறந்து, நடுவில் ஆறு வரி செருகினான். 'இந்தப் பதிவெண் பட்டியலில் இல்லை' என்ற வாசகம் எங்கே வந்தாலும் அதைத் தூக்கிவிட்டுத் தன் வாழ்த்தை வைக்கச் சொல்லும் ஆறு வரி. சொந்தமாக எழுதியதையும் பிரவுசர் ஏற்றுக்கொள்ளும்படி டெவலப்பர் மோடைப் போட்டு அந்த ஃபோல்டரை மூன்றாம் நம்பரில் ஏற்றினான். ஜெயபாண்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். வயிறு வலிக்கச் சிரித்தான்.

ஜெயபாண்டியின் எண்ணுக்கு மட்டும் என்று நிபந்தனை வைத்திருக்கலாம். அதற்கு இன்னும் ரெண்டு வரி எழுத வேண்டும். டீ ஆறிவிடும் என்று விட்டுவிட்டான். அப்புறம் மறந்தும் போனான். 'இந்த எக்ஸ்டென்ஷன் வேண்டாமே' என்று பிரவுசர் அவ்வப்போது கேட்டதற்கெல்லாம், ஒரு வருஷமாக, என்னவென்று வாசிக்காமலே பெருக்கல் குறியை அழுத்தியிருந்தான்.

"அன்னைக்கு நானும் சிரிச்சேன்," என்றான் ஜெயபாண்டி. "ஆனா மொத ரெண்டு நிமிசம் நம்பிட்டேன்லே. நீ டீ வாங்கப் போயிருந்தப்ப எங்கய்யாவுக்குப் போனும் போட்டுட்டேன். ஒனக்குத் தெரியாது."

மாரிக்கண்ணன் ஒன்றாம் நம்பரில் செல்வலட்சுமியின் எண்ணை அடித்தான். பட்டியலில் இல்லை. ஜெயபாண்டியின் எண்ணும் இல்லை. செல்வலட்சுமி இன்று மத்தியானம் மில் வேலையை விடப்போகிறாள் என்பதை நண்பனிடம் சொன்னான்.

"என்னைய விடு, எனக்குப் பழக்கம்தான். அந்தப் பிள்ளை மில்லுக்குக் கெளம்புறதுக்குள்ள போயிச் சொல்லு."

மேற்கே நாலு கிலோமீட்டரில் செல்வலட்சுமியின் ஊர். அந்த நாலு கிலோமீட்டருக்குள் மாரிக்கண்ணன் மூன்று பொய்களைத் தயாரித்துவிட்டான். வண்டியை ஓட்டிக்கொண்டே ஒத்திகையும் பார்த்தான். பொய்க்கு வரி குறைவாக எழுதுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.

செல்வலட்சுமி வாசலில் நின்று, மில்லுக்கு எழுதி முடித்த லெட்டரை மறுபடி வாசித்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே. நேர்ல வரச்சொல்லி எதும் லெட்டரு வந்துருக்கா?"

"அது வந்து தங்கச்சி... சர்வர்ல ஏதோ கோளாறாம். நேத்துக் காட்டுனது தப்பாம். ஒன் நம்பரு... வரல."

அவள் கையிலிருந்த லெட்டரைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். அது எந்த லட்சணத்தில் இருந்ததோ, "நீங்க ஏண்ணே இப்பிடி வேர்த்துப்போயி நிக்கிறீக? அவுக பண்ணுன தப்புக்கு நீங்க என்ன செய்வீக? தண்ணி குடிங்க," என்று உள்ளே போய்ச் சொம்பை எடுத்து வந்தாள்.

அந்தச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அவன் நின்றபோதுதான் டவுன் பஸ் வந்து நின்றது. சந்தனம்மாள் இறங்கினாள். மொட்டைத் தலையில் சந்தனம் பளபளத்தது. தெரு முழுக்கப் பார்க்கட்டும் என்று தலையில் சேலை போடாமலே நடந்து வந்தாள். "அடடே, தம்பியே வந்துருச்சு! இந்தா, துன்னூறு எடுத்துக்க. ஒன் மிஷினுக்கும் வேண்டிக்கிட்டு வந்துருக்கேன்."

மாரிக்கண்ணனுக்கு அதற்கு மேல் முடியவில்லை. சொம்பைத் தரையில் வைத்தான்.

"சின்னம்மா, சர்வர் கோளாறு இல்ல. நான்தான். ஒருத்தன வச்சு வெளையாடுறதுக்கு அந்த மிஷினுல பொய் சொல்லுற மாதிரி ஒண்ணு எழுதி வச்சேன். எடுக்க மறந்துட்டேன். யாரு நம்பரு அடிச்சாலும் பாஸுன்னுதான் காட்டும். தங்கச்சி பேரு பட்டியல்ல இல்ல. மொதல்லருந்தே இல்ல."

சந்தனம்மாள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பான். அவள் மெதுவாக முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, தெருப்பக்கம் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

செல்வலட்சுமி தன் போனை நீட்டினாள். "என் கண்ணு முன்னால போடுங்க." அவன் அவள் பதிவெண்ணைப் போட்டான். வந்த வாசகத்தை அவளே வாய்விட்டு வாசித்தாள். பிறகு கையிலிருந்த லெட்டரை நாலாக, எட்டாக மடித்தாள்.

"நேத்து மூணுல எத்தன பேரு பாத்தாக?"

அதை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இங்கே வந்து சொல்லிவிட்டால் முடிந்தது என்று இருந்தான். "நோட்டுல பேரும் நம்பரும் இருக்கும்... பதினாலு பதினஞ்சு பேரு."

"அவுகளுக்குச் சொல்லிட்டீகளா?"

"இனிமேத்தான் தங்கச்சி," என்றான்.

"ரெண்டு மணிக்கு எனக்கு ஷிப்டு. அது வரைக்கும் கூட இருக்கேன், வண்டிய எடுங்க. தனியா விட்டா நீங்க சர்வர் கோளாறுன்னு சொல்லிருவீக."

சென்டரில் ஜெயபாண்டி ஏற்கெனவே நோட்டைத் திறந்து வைத்திருந்தான். ஒவ்வொரு எண்ணாக ஒன்றாம் நம்பரில் அடித்துப் பார்த்து, நிஜமாகவே தேர்வான ஒரே ஒரு ஆளுக்குப் பக்கத்தில் டிக் போட்டிருந்தான். மிச்சம் பதிமூன்று. செல்வலட்சுமியைக் கழித்தால் பன்னிரண்டு. அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியை நகர்த்தினான். அவள் உட்காரவில்லை. துப்பட்டா நுனியால் மூன்றாம் நம்பரின் பொட்டைத் துடைத்தாள். காய்ந்த சந்தனம் முழுசாகப் போகவில்லை.

"மொதல்ல தூரத்துல இருக்கவுகளுக்கு. வெள்ளத்துரை, காரியாபட்டி," என்று நோட்டைப் பார்த்து வாசித்தாள்.

ரிங் முழுசாகப் போவதற்குள் எடுத்துவிட்டார்கள். பின்னால் பாட்டுச் சத்தம், பாத்திரச் சத்தம்.

"அண்ணே! மகராசன் கையிண்ணே ஒங்க கையி! மத்தியானம் ஆட்டுக்கறி, கெளம்பி வாங்க! சொல்லுங்கண்ணே!"

மாரிக்கண்ணன் செல்வலட்சுமியைப் பார்த்தான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி," என்றான். "அந்தப் பாட்டக் கொஞ்சம் நிப்பாட்டுறீகளா? நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."