உட்கார்ந்த உயரம்

இது அம்மாவின் உயரம் இல்லையே. கொத்தனாருக்குக் கை தவறிவிட்டதோ? ஒரு செங்கல் தவறலாம், இத்தனை வரிசை தவறுமா? யாரோ சொல்லித்தான் இது ஏறியிருக்கிறது. கேட்காதே, இப்போதே கேட்காதே. முதலில் உன் கண்ணை நம்பு.

அவள் கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தாள். எடுத்த பிறகு அது தேவையில்லை என்று தோன்றியது. போன வாரம் வந்து பார்த்தபோது அவள் இடுப்புக்கும் கீழே இருந்த சமையல் மேடை இன்று அவள் முழங்கையைத் தொட்டது. மேடைக்கு அடியில் விட்டிருந்த இடைவெளியைக் காணோம். அங்கே புதிதாகச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். சாந்து இன்னும் ஈரமாக இருந்தது.

அந்த இடைவெளி அம்மாவின் முழங்கால்களுக்கானது.

வீடுகளுக்குச் சமையலறை வரைந்து கொடுப்பதுதான் அவளுடைய தொழில். எல்லாருக்கும் பொதுவான அளவு என்று ஒன்று உண்டு, அதை வைத்து வரைந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அவளால்தான் அப்படி வரைய முடியாது. சமைக்கப்போகிறவரை வரவழைத்து, கையில் கரண்டியைக் கொடுத்து, காலிப் பாத்திரத்தைக் கிண்டச் சொல்வாள். கிண்டும்போது முழங்கை எங்கே நிற்கிறதோ அதற்குச் சற்றுக் கீழே சுவரில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. அதற்கப்புறம்தான் பென்சிலைத் தொடுவாள். வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். சமையல் ஆரம்பித்த பிறகு சிரிப்பதில்லை.

அம்மாவைத் தம்பி வீட்டின் இந்தத் தோட்டத்தில்தான் அளந்தாள். முழங்கால் தேய்ந்த நாளிலிருந்து அம்மா உட்கார்ந்துதான் சமைக்கிறாள். அதற்கென்றே ஒரு மர நாற்காலி, குட்டையான கால்களோடு. அதை இங்கே கொண்டுவந்து போட்டு, மடியில் பாத்திரத்தைக் கொடுத்ததும் அம்மா இடது கையால் கிண்டத் தொடங்கினாள். வேலிக்கு அப்பால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"காத்தைக் கிண்டி யாருக்குடி பரிமாறப் போறேன்?"

"சும்மா கிண்டும்மா. தோளைத் தூக்காத."

"உப்பு பாக்கட்டுமா?"

அன்று அவ்வளவு சிரித்தார்கள்.

அதற்கு முன்னால் அம்மா மகன் வீட்டுக்கு வர ஒப்புக்கொள்ளவே இல்லை. தனியாக இருந்தாள், தன் வீட்டில், தன் அடுப்போடு. வீம்பு என்று தம்பி சொல்வான். வீம்பில்லை என்று அவளுக்குத் தெரியும். தம்பி வீட்டில் சமையலறையும் கூடமும் ஒன்றுதான், நடுவில் சுவர் கிடையாது. அம்மா ஒருமுறை மீன் வறுத்தாள். மருமகள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுந்து போய் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். "வாயைத் திறந்து திட்டினா பதிலுக்கு நாலு வார்த்தை பேசலாம். ஜன்னலைத் திறக்கிறவகிட்ட என்னத்தப் பேசறது?" என்று அம்மா திரும்பிப் போய்விட்டாள்.

பிறகு ஒருநாள் தம்பி அவளுடைய அலுவலகத்துக்கு வந்தான். அவன் அங்கே வந்ததே அதுதான் முதல்முறை. சுவரில் மாட்டியிருந்த படங்களை நின்று நின்று பார்த்தான்.

"தோட்டத்துல அம்மாவுக்குன்னே ஒரு சமையல்கட்டு கட்டலாம்னு இருக்கேன்க்கா. வெளியில இருந்தா வாசனைப் பிரச்சனையே இல்ல. நீ வரைஞ்சா அம்மா மறுக்க மாட்டாங்க."

முதல் வாக்கியத்திலேயே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசி வாக்கியம் காதில் விழுந்தது, மனதில் விழவில்லை.

காகிதத்தைச் சுருட்டிக் கொளுத்தி, காலையிலும் மாலையிலும் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாள். புகை அம்மாவின் முகத்துக்கு வராதபடி அடுப்பின் இடத்தை மாற்றினாள். அம்மாவுக்கு இடக்கைப் பழக்கம் என்பதால் நறுக்கும் இடத்தை இடப்பக்கம் வைத்தாள். எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. தெருப்பக்கம் சுவரே வேண்டாம், போகிற வருகிறவர்களோடு அம்மா பேச வேண்டும். யாருக்கும் இவ்வளவு பார்த்துப் பார்த்து அவள் வரைந்ததில்லை. அந்தப் படத்தை அம்மா வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். கோடுகள் அவளுக்குப் புரியாது. நாற்காலி மட்டும் புரிந்தது. "என் நாற்காலியைக்கூட வரைஞ்சிருக்கா பாரு" என்றாள். அடுத்த மாதமே தன் வீட்டைக் காலி செய்து, சாவியைப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிட்டாள்.

கொத்தனார் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வாங்க மேடம். இன்னிக்கு வருவீங்கன்னு சார் சொல்லலையே."

"ஓடு பாக்கக் கடைக்கு வந்தேன். அப்படியே... இதை யாரு ஏத்தச் சொன்னது?"

"சார்தான். உங்ககிட்டப் பேசிட்டேன்னாரே?" அவர் அவள் முகத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "கீழ அடைச்ச இடத்துல ஐஸ் பெட்டி வருதாம். எனக்கென்ன மேடம், ஏத்தச் சொன்னா ஏத்தறேன், இறக்கச் சொன்னா இறக்கறேன். வீட்டுக்காரங்க ஒரு பக்கமாப் பேசுனாச் சரி."

தம்பி மனைவி தேநீரோடு வெளியே வந்தாள். "அண்ணி! சொல்லாமலே வந்துட்டீங்க. வெயில்ல நிக்கறீங்களே."

"அது என்னம்மா?" மரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த பெரிய பெட்டியை அவள் காட்டினாள்.

"அதுவா, கறி சுடற கிரில். நேத்துதான் வந்துச்சு. அவரோட ஆபீஸ் ஆளுங்க வந்தா நின்னுக்கிட்டே பேசிக்கிட்டே சுட்டுச் சாப்பிடலாமாம். உயரமா நாலு ஸ்டூலும் வருது." அவள் சிரித்தாள். "எப்பவோ சொல்லி வச்சது அண்ணி. கப்பல்ல வந்து சேர இவ்ளோ நாளாயிடுச்சு. அத்தை வர்றேன்னே அப்போ சொல்லல."

அத்தை வர்றேன்னே அப்போ சொல்லல.

தேநீர்க் கோப்பை சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் மனம் மாறிவிட்டான் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள், இல்லை, நினைக்க முயன்றிருந்தாள். மனம் மாறுவதை மன்னித்துவிடலாம். இது அப்படியில்லை. அவள் புகை பார்த்துக்கொண்டிருந்தபோதே, அம்மா காற்றைக் கிண்டிக்கொண்டிருந்தபோதே, இந்தப் பெட்டி எங்கோ கடலில் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன் அண்ணி," என்றாள் தம்பி மனைவி, சிரிப்பை நிறுத்தி. அவள் சொல்வது உண்மை என்று தெரிந்தது. அது இன்னும் வலித்தது.

தம்பி உள்ளேயிருந்து செருப்பை மாட்டிக்கொண்டே வந்தான். மேடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உடனே புன்னகைத்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கிற அதே புன்னகை.

"கோச்சுக்காதக்கா. நானே கூப்பிட்டுச் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்போ? ஸ்டூல் வந்ததுக்கப்புறமா?"

"யோசிச்சுப் பாரு. இந்த வயசுல அம்மா எதுக்கு அடுப்பு முன்னாடி வேகணும்? உள்ள சமைக்கிறதைச் சாப்பிட்டு ராணி மாதிரி இருக்கட்டும்."

"நல்ல ராணி. அடுப்பு, வீடு, சாவி எல்லாத்தையும் பிடுங்கிக்கிட்டு உட்கார வச்ச ராணி."

"பிடுங்குனது யாரு? அவங்களா வந்தாங்க."

"இதையே முதல்ல அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா வந்திருப்பாங்களா?"

மழை பெய்தால் நனையாதா என்பதுபோல இயல்பாகக் கேட்டான். அதில் அவனுக்கு எந்தக் குற்றமும் தெரியவில்லை. அப்போதுதான் அலுவலகத்தில் அவன் சொன்ன கடைசி வாக்கியம் அவள் மனதில் விழுந்தது. நீ வரைஞ்சா அம்மா மறுக்க மாட்டாங்க. அவளுடைய கோடுகளுக்காக அவன் வரவில்லை. அம்மா அவள்மேல் வைத்திருந்த நம்பிக்கையை இரவல் வாங்க வந்திருக்கிறான். அவளும் மூன்று பக்கங்களில், அளவுகளோடு, அழகாக வரைந்து கொடுத்திருக்கிறாள். அவள் கையைக் கொண்டே அவள் கண்ணைக் குத்தியாகிவிட்டது. அந்தக் கை இப்போது தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் அறியாததுபோல இருந்தது.

தம்பி அருகில் வந்து தணிந்த குரலில் பேசினான். "சரி, நடந்தது நடந்துபோச்சு. எனக்காக ஒண்ணு மட்டும் செய். அம்மா இன்னும் இதைப் பாக்கல. சிமெண்ட் தூசி ஆகாதுன்னு வெளியவே விடல. நீயே சொல்லிடு. தாழ்வாக் கட்டினா கூரை நிக்காது, காத்து ஒத்துக்கல, இப்படி ஏதாவது ஒண்ணு. உன் வாயால வந்தா ஒத்துக்குவாங்க. அவங்களுக்கு உன் பேச்சுன்னா வேதவாக்கு."

"கூரைக்கும் மேடைக்கும் என்னடா சம்பந்தம்?"

"அது அம்மாவுக்கா தெரியப்போகுது?"

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா வந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குட்டைக்கால் நாற்காலியை இழுத்துக்கொண்டு. தம்பி மனைவி ஓடிப்போய் வாங்கினாள்.

"குரல் கேட்டுச்சு. பெரியவளே, சொல்லாமலே வந்துட்ட? இவன் என்னை வெளியவே விடமாட்டேங்கறான். தூசியாம், தூசி. நான் பாக்காத தூசியா?" அம்மா மேடைக்கு முன்னால் நாற்காலியைப் போடச் சொன்னாள். முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, முனகி, உட்கார்ந்தாள்.

முழங்கால்கள் செங்கல்லில் முட்டின. மேடை அவள் தாடைக்கு நேராக இருந்தது.

அம்மா இடது கையைத் தூக்கி மேடையின் மேல் வைத்துப் பார்த்தாள். தோள் காதுவரை ஏறியது.

"என்னடா இது, தாடையை வச்சுத் தூங்கறதுக்குக் கட்டறீங்களா?" என்று சிரித்தாள். கொத்தனார் மட்டும் கூடச் சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். அம்மாவின் சிரிப்பும் மெல்ல அடங்கியது. மகனைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். பிறகு கண்கள் மகளிடம் வந்து நின்றன.

"காரணம் இருக்கும். இல்லாம நீ ஏத்த மாட்ட. உன் கணக்கு தப்பாதே. என்னடி, கூரைக்காகவா?"

அம்மாவே அந்தப் பொய்யை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஒரு 'ம்' போதும். அம்மா நம்புவாள். நம்பிவிட்டு நாற்காலியை உள்ளே எடுத்துப் போகச் சொல்வாள். இரவு சாப்பிடும்போது, உன் அக்கா பாவம், எவ்வளவோ முயற்சி பண்ணினாள் என்று தம்பியிடமே சொல்வாள். பிறகு ஒருபோதும் கேட்க மாட்டாள். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சொல்லுக்கா," என்றான் தம்பி. புன்னகை இன்னும் இருந்தது.

அவள் கோப்பையை மேடையின் மேல் வைத்தாள். குனிந்து, அம்மாவின் கையை அங்கிருந்து எடுத்து அவள் மடியில் வைத்தாள், தோள் இறங்கும்படி. கை சுருக்கம் விழுந்து, இலேசாக இருந்தது.

"இது என் கணக்கு இல்லம்மா."

"அக்கா..."

"நான் சொல்ல மாட்டேன்டா," என்றாள், குரலை உயர்த்தாமல். "ஏன் ஏத்துனேன்னு நீயே சொல்லு. அம்மா உட்கார்ந்துதான் இருக்காங்க."