முகமில்லாத ஆள் கேசரி சாப்பிட்ட அன்று

பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் விஸ்காம் துறையில், திரில்லர் எடுக்கும் மாணவர்களுக்கு வேண்டிய பயங்களெல்லாம் ஸ்டோர் ரூமில் இருந்தன. கிறீச்சிடும் கதவு ஒன்று, மறுமுனையில் யாரும் இல்லாத போன் ஒன்று, மழை அரை மூட்டை, முகமில்லாத ஆள் ஒருவர். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்கியது வாங்கியபடியே திரும்பி வராவிட்டால் ஹால் டிக்கெட்டில் சீல் விழாது.

சொர்ணலதாவுக்கு அந்த சீல் உயிர்ப் பிரச்சினை. ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்துக் காட்டும் இந்தப் பேப்பரில் அவள் ஏற்கெனவே இரண்டு தடவை அரியர். அதை நடத்தும் ஹெப்சிபா மேடத்தின் விதி சின்னதுதான்: திரில்லருக்கென்று உள்ள வழக்கங்களையெல்லாம் வைக்க வேண்டும், அதில் ஒன்றை மட்டும் உடைக்க வேண்டும். முதல் தடவை சொர்ணா எல்லாவற்றையும் உடைத்தாள். அது கல்யாண வீடியோவாகப் போய்விட்டது. இரண்டாம் தடவை எதையும் உடைக்கவில்லை, மேடம் தூங்கிவிட்டார். இன்று நான்கு மணிக்குள் படத்தைக் காட்டி, பொருளைத் திருப்பி, சீலும் வாங்காவிட்டால் டிகிரி கிடையாது.

"ஆளைப் பத்திரமாப் பாத்துக்கோம்மா," என்றார் ஸ்டோர் கீப்பர் சாலமோன் அண்ணாச்சி. இருபத்தாறு வருஷமாக அதே நாற்காலி, தினமும் நாலு மணிக்கு வீட்டிலிருந்து ஒரு போன், அவ்வளவுதான் அவர் உலகம். "இருக்கிறதே ஒருத்தர்தான். போன வருஷம் ஒரு பய வெயில்ல நிப்பாட்டி, கழுத்து வரைக்கும் கறுத்துப் போயிட்டாரு."

சொர்ணா நான்குக்கும் கையெழுத்துப் போட்டாள். முகமில்லாத ஆள் போட்டிருந்த கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் வந்தார். படியேறும்போது மழை மூட்டையை அவரே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். தங்கமான மனிதர்.

வகுப்பறை ஜன்னல்களில் கறுப்புத் துணி கட்டியாயிற்று. எந்தப் படமானாலும் முதல் ஷாட் சாமி படம்தான். சொர்ணா வேறெதை விட்டாலும் அதை விடமாட்டாள். பிள்ளையாருக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, கேமராவில் பிடித்தாள். நடிக்க வந்திருந்த தோழி ரிஸ்வானா சற்றுத் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கேசரிப் பாத்திரத்தைத் திறக்கப் போனாள். முகமில்லாத ஆள் பயபக்தியோடு குனிந்தார். சொர்ணா கைப்பழக்கத்தில் அவருக்குத் திருநீறு பூசிவிட்டாள்.

திருநீறு நிற்க நெற்றி வேண்டுமே. வந்தது.

"என்னண்ணே, சாப்பிடாம நிக்கீங்க?" என்றாள் ரிஸ்வானா. பக்கத்தில் ஒருவர் சும்மா நிற்க, தான் மட்டும் சாப்பிட அவளால் முடியாது. ஒரு கரண்டி கேசரியை, வாய் இருக்க வேண்டிய இடத்தில் நீட்டினாள். வாய் திறந்தது. நல்ல பல்வரிசை. "நெய் கொஞ்சம் கம்மிதான்," என்றார் அவர். அடுத்த கரண்டிக்குள் மூக்கும் கண்களும் வந்து சேர்ந்தன. வண்ணார்பேட்டை பஸ் ஸ்டாப்பில் எப்போது போனாலும் பார்க்கக்கூடிய முகம்.

சொர்ணா அதைக் கவனிக்கவில்லை. எதை உடைப்பது என்ற கவலை அவளுக்கு. கதவு கிறீச்சிடாமல் இருந்தால் புதுசாக இருக்கும் என்று தேங்காய் எண்ணெய் விட்டாள். கதவு எண்ணெயைக் குடித்துவிட்டு இன்னும் நல்ல குரலில் கிறீச்சிட்டது. போன் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தாள். அது மரியாதைக்கு இரண்டு தடவை கூடவே அடித்தது. மணி மூன்றாகிவிட்டது. வந்தபடி வரட்டும் என்று கேமராவை ஓடவிட்டாள்.

ஜன்னலில் மழையை அவிழ்த்துக் கொட்டினார்கள். போன் அடித்தது. ரிஸ்வானா எடுத்தாள், யாரும் இல்லை. கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. கோட் சொட்டச் சொட்ட அவர் உள்ளே வந்து, முழு முகத்தோடு வெளிச்சத்தில் நின்று, கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, வயசுக்கு வந்த கதவு இப்படியா கத்தும்?" என்றார்.

கதவுக்கு அவமானமாகிவிட்டது. துளிச் சத்தமில்லாமல் தானாகச் சாத்திக்கொண்டது. அதுவரை பயமே இல்லாமல் நின்ற ரிஸ்வானா வீறிட்டாள். அது நடிப்பில்லை.

ஹெப்சிபா மேடம் படத்தைப் பார்த்து முடித்ததும் எழுந்து போய், தன் அறைக் கதவை இரண்டு தடவை திறந்து மூடி, சத்தம் வருகிறதா என்று சோதித்துக்கொண்டார். பிறகு, "பாஸ்," என்றார்.

சொர்ணாவுக்குத் தலைகால் புரியவில்லை. படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். பாதியில்தான் கூட இறங்கி வந்தவரின் முகம் அவளுக்கு உறைத்தது: ஆளை வாங்கியபடியே திருப்ப வேண்டும். குழாயடியில் நிறுத்திச் சோப்புப் போட்டுக் கழுவினாள். முகம் இன்னும் பளிச்சென்று ஆனது.

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் ஸ்டோருக்குப் போனார்கள். அண்ணாச்சி கதவைத் தட்டிப் பார்த்தார், போனை எடுத்துக் கேட்டார், மீந்த மழையைக் கையளவு அள்ளிப் பார்த்தார். பிறகு ஆளை நிமிர்ந்து பார்த்தார்.

"முகமில்லாத ஆள் ஒருத்தர்னுல்ல கொடுத்தேன்?"

"தெரியாம கேசரி கொடுத்துட்டோம் அண்ணாச்சி," என்றாள் சொர்ணா. "மூணு வருஷம் போச்சு எனக்கு."

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்தார். "எனக்கும் ஒரு படத்துல சும்மாவாவது நின்னுரணும்னு ரொம்ப நாள் ஆசைம்மா," என்றார். கர்ச்சீப்பை எடுத்து, வியர்வை துடைப்பதுபோல முகத்தை அழுத்தித் துடைத்தார். முகம் கர்ச்சீப்போடு வந்துவிட்டது. அதை நான்காக மடித்து, சீல் டப்பாவுக்குப் பக்கத்தில் மேஜை டிராயரில் வைத்தார். கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போய், மழை மூட்டைக்குப் பக்கத்தில் நின்றார். முகமில்லாத ஆள் ஒருவர், கணக்கு சரியாக இருந்தது.

முகம் வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, ஹால் டிக்கெட்டில் ஓங்கி சீல் குத்தினார். சொர்ணா அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் பொதுவாக, "வாறேன் அண்ணாச்சி," என்றாள்.

நாலு மணிக்கு மேஜை போன் அடித்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"கேசரி சாப்பிட்டேன்."

"வரும்போது கருவேப்பிலை வாங்கிட்டு வாங்க."

அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு, வீட்டுக்கு எந்த பஸ் என்று உள்ளே திரும்பிக் கேட்டார். வாய் இல்லாததால் அண்ணாச்சி ஏழு விரல்களைக் காட்டினார்.