மதியம் மூன்று மணிக்கு ராத்திரி

என் அறைக்கு ஜன்னல் கிடையாது. வீடு கட்டும்போது பழைய சாமான்கள் போட்டு வைக்கவென்று கட்டிய அறை அது. புருஷனோடு ஒத்துவராமல் நான் பெட்டியும் கையுமாகத் திரும்பி வந்தபோது, அப்பா அந்தச் சாமான்களை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டு என்னை உள்ளே இறக்கினார். அவர் போன பிறகு வீட்டைத் தம்பி பேருக்கு மாற்ற என் கையெழுத்து தேவைப்பட்டது. போட்டுக் கொடுத்தேன். "அந்த ரூம் என்னைக்கும் உனக்குத்தான்க்கா" என்றான் தம்பி. அதைப் பத்திரத்தில் எழுதி வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடப் பிறந்தவனிடம் யார் எழுதி வாங்குவார்கள்?

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன் என்று பெயர் எடுத்தவன் என் தம்பி. கடைக்காரர் அழுகின தக்காளியைத் தள்ளிவிட்டாலும் சிரித்துக்கொண்டே வாங்கி வருவான். வீட்டுக்கு வந்ததும், "அக்கா, நீ கொஞ்சம் போய்க் கேளேன்" என்பான். நான் போய்க் கத்தி மாற்றி வாங்கி வருவேன். தெருவில் அவன் நல்லவன், நான் வாயாடி. ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

இந்த வருஷ ஆரம்பத்தில் ஒருநாள், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே சொன்னான்: "டியூஷன் டீச்சர் ஒருத்தங்க உன் ரூமை வாடகைக்குக் கேக்கறாங்க. அக்காவைக் கேக்காம ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டேன்." அப்புறம் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

நான்தான் முந்திக்கொண்டு, அந்த வாடகையை நானே கொடுக்கிறேன் என்றேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் சீட்டு எழுதுகிற சம்பளம் அதற்குப் போதாது. ஆனால் அறையில் ஏற்கெனவே நாலைந்து தொட்டிகளை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து வளர்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கை ராசி உண்டு. செடிக்கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரு பெரிய அலுவலகத்தின் வரவேற்பறைக்கு அறுபது தொட்டிகள், அறுபதும் ஒரே சமயத்தில் பூத்திருக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால் வருஷம் முழுக்க வேலை. தடித்த இலையும், கொத்துக் கொத்தாகச் சின்னச் சின்னப் பூவும் உள்ள செடி. அவர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் சொல்வார். நான் கொத்துப்பூ என்றே வைத்துக்கொண்டேன்.

"பூத்துட்டா ரூம் உனக்குத்தான்க்கா. அந்த டீச்சர்கிட்ட முடியாதுன்னு நானே சொல்லிடறேன்" என்றான் தம்பி. அவன் மனைவி அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

விளக்குகளை மாட்டியதும் அவன்தான். பொய் சொல்லக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வியர்க்க விறுவிறுக்க வேலை செய்தான். நாலு தட்டு அலமாரி. தட்டுக்கு இரண்டு டியூப், ஒன்று பால் வெள்ளை, ஒன்று கொஞ்சம் மஞ்சள். செடி வளர வளரத் தூக்கிக் கட்ட வசதியாகச் சங்கிலியில் தொங்கவிட்டான். இலைக்கும் டியூபுக்கும் நடுவே ஒரு சாண் இருக்க வேண்டும். டியூபின் இரண்டு முனையிலும் வெளிச்சம் கம்மி என்பதால், ஓரத்துத் தொட்டிகளை வாரம் ஒருமுறை நடுவுக்கு மாற்ற வேண்டும். இதெல்லாம் கடைக்காரர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். என் கண்ணாடி கையில் இல்லாததால் தம்பி ஏணி மேல் உட்கார்ந்து உரக்கப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் இரண்டு தடவை படித்தான்.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். இந்தச் செடி வெளிச்சத்தில் வளரும், ஆனால் இருட்டில்தான் மொட்டு வைக்கும். தினமும் பதினாலு மணி நேரம் முழு இருட்டு வேண்டும். நடுவில் ஒரு நிமிஷம் விளக்கு எரிந்தாலும், ராத்திரி முடிந்துவிட்டது என்று செடி நினைத்துக்கொள்ளும். இலை இலையாக விட்டுக்கொண்டிருக்குமே தவிரப் பூக்காது.

காலை ஐந்து மணிக்கு எரிந்து மதியம் மூன்று மணிக்கு அணைகிற மாதிரி டைமரைத் திருப்பி வைத்தோம். எங்கள் தெருவுக்கே நடுப்பகல், என் அறையில் மட்டும் ராத்திரி. வேலைக்குப் போனால் நான் திரும்பி வர ஒன்பதரை ஆகிவிடும். வந்து, குளியலறையிலேயே புடவை மாற்றிக்கொண்டு, கதவைச் சுண்டுவிரல் அளவு திறந்து உள்ளே நுழைவேன். அதற்குள் நடையில் விளக்கை அணைத்திருப்பேன். சுவரைத் தடவி, அலமாரியின் மூலையைத் தடவி, பாயைத் தடவிப் படுப்பேன். மாத்திரையைத் தொட்டுப் பார்த்துப் போட்டுக்கொள்வேன். செல்போனைக் கூடத்திலேயே வைத்துவிடுவேன். மேலே கூரையில் எல்லா அறைகளையும் போல ஒரு விளக்கு இருக்கிறது, அதன் சுவிட்ச் வாசல் ஓரம் இருக்கிறது, நான் அந்தப் பக்கம் கையையே கொண்டு போகவில்லை. எட்டு வாரம் நான் என் அறையில் குருடியாகக் குடித்தனம் செய்தேன். கால் கட்டைவிரல் நகம் ஒன்று பெயர்ந்தது. ஆனால் சந்தோஷமாக இருந்தேன். என் சொந்தச் சம்பாத்தியத்தில் என் சொந்த அறை என்று நினைத்தாலே உச்சி குளிர்ந்துவிடும்.

ஆறாவது வாரம் கடைக்காரர் காலையில் வந்து பார்த்தார். மேல்தட்டுகளில் இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தவர் முகம் சுருங்கியது.

"இலை கொழுகொழுன்னு இருக்கு. மொட்டு வைக்கிற நேரமாச்சே, ஒண்ணையும் காணோமே. எங்கேயோ வெளிச்சம் ஒழுகுதும்மா."

"காத்து கூட உள்ள வராதுங்க."

"காத்து வரட்டும், வெளிச்சம் வரக்கூடாது. இன்னும் ரெண்டு வாரம் பாக்கறேன். அதுக்கு மேல எனக்கு வேற வழி இல்ல."

அன்றைக்கே கதவிடுக்கில் துணி அடைத்தேன். பிளக்கில் மினுக்குகிற சின்னச் சிவப்பு விளக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். பூட்டு வாங்கி வந்தேன். தம்பிதான் தடுத்தான். "வீட்டுக்குள்ள பூட்டாக்கா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? இவ மனசு என்ன பாடுபடும்?" அவன் சொன்ன 'இவ' மேல்தான் எனக்குச் சந்தேகமே. அவன் மனைவிக்கு அந்த வாடகை வந்தால் பிடிக்கும், நான் இருந்தால் பிடிக்காது. நாத்தனார் கண்ணுக்கு வேறு யார் தெரிவார்கள்? அடுப்படியில் போய் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "நான் வேலைக்குப் போனதும் என் ரூம்ல உனக்கு என்ன வேலை?" அவள் குழாயைத் திறந்தாள். கரண்டியைக் கழுவினாள். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

எட்டாவது வாரம் ஒரு காலை, டியூப்கள் படபடத்து எரிந்ததும் தண்ணீர் ஊற்ற உட்கார்ந்தேன். முழங்கால் வலியால் அடித்தட்டுப் பக்கம் நான் அதிகம் குனிவதில்லை. தண்ணீர் என் பாயில் தெறிக்காமல் இருக்கப் பழைய புடவை ஒன்றை அதன் முன்னால் திரைபோல் தொங்கவிட்டு, வாரம் ஒரு தடவை கையை மட்டும் விட்டு ஊற்றிவிடுவேன். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து புடவையை ஒதுக்கினேன். பதினைந்து தொட்டிகளிலும் மொட்டு. பச்சைக் கடுகு மாதிரி, கொத்துக் கொத்தாக.

எழுந்து மேல்தட்டுகளைப் பார்த்தேன். நாற்பத்தைந்து தொட்டிகளிலும் வெறும் இலை. ஒரே அறை, ஒரே டியூப், ஒரே தண்ணீர். அடித்தட்டுக்கு மட்டும் முன்னால் புடவை. இடுக்கு வழியாக ஒழுகுகிற வெளிச்சமாக இருந்தால் கதவோரத்துத் தொட்டிகள்தான் கெட்டிருக்கும். இங்கே மூன்று தட்டும் ஒன்றுபோல் கெட்டிருந்தன. கூரை விளக்கை யாரோ போட்டிருக்கிறார்கள், ஒரு நாள் இல்லை, தினமும்.

நேராக அடுப்படிக்குப் போனேன். அவள் டிபன் டப்பாவில் சோறு அடைத்துக்கொண்டிருந்தாள்.

"கூரை லைட்டைத் தினமும் போடறது நீதானே?"

அவள் டப்பாவை மூடினாள். "நான் இல்ல அண்ணி."

"அப்ப பேயா?"

"போன தடவை கேட்டப்பவே சொல்லியிருப்பேன். புருஷனைக் காட்டிக் கொடுக்கறாள்னு நீங்களே என்னை ஏசுவீங்க." டப்பாவைப் பைக்குள் வைத்தாள். "அவர்தான். தினம் ராத்திரி எட்டு மணிக்கு. ஒரு நிமிஷம் போட்டுட்டு அணைச்சிடுவார்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதிதான். தம்பிதானா! அவனுக்கு ஆர்வம். அக்காவின் செடி பூத்துவிட்டதா என்று பார்க்காமல் இருக்க முடிந்திருக்காது. மடையன், பாசத்தில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டான். "மொட்டு வந்திடுச்சான்னு பாக்கத்தான் போயிருப்பான்" என்றேன்.

"அப்படித்தான் என்கிட்டயும் சொன்னார்." அவள் குரல் தணிந்தது. "ஆனா அவர் செடியைப் பாக்கவே இல்ல அண்ணி. உள்ளேயே போக மாட்டார். நடையில நின்னுக்கிட்டு, முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, கையை மட்டும் உள்ள விட்டு சுவிட்சைப் போடுவார். வாட்சைப் பாத்துட்டு அணைப்பார்."

அடுப்பில் பால் பொங்கியது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

தம்பி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், ஓடிப்போய் அணைத்தான். "என்னக்கா, காபி குடிச்சியா?"

"எட்டு வாரமா இருட்டுல தடவித் தடவிப் படுத்தேண்டா" என்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. மனைவியைப் பார்த்தான். அவள் தலையைக் குனியவில்லை. அவன் கண் கலங்க ஆரம்பித்தது. சின்ன வயதிலிருந்து எனக்குப் பழக்கமான கண்.

"நான் உன்னை ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனாக்கா? போன்னு என்னைக்காவது சொன்னேனா?"

"சொல்லல."

"பின்ன?"

"அதான் கேக்கறேன். ஏன் சொல்லல?"

"எப்படிக்கா சொல்றது? நீ என்னைப் பத்தி என்ன நினைப்பே?"

அப்போதுதான் எனக்கு முழுசாகக் கசந்தது. நான் தோற்கலாம், என் கை ராசி பொய்யாகலாம், அவன் மனைவி இரண்டு வாரம் எனக்குச் சூனியக்காரியாகத் தெரியலாம். அவனைப் பற்றி மட்டும் நான் ஒன்றும் நினைத்துவிடக்கூடாது. அதற்குத்தான் தினமும் எட்டு மணிக்கு ஒரு நிமிஷம். பூக்காமல் போயிருந்தால் நானே தலையைக் குனிந்துகொண்டு அறையைக் காலி செய்திருப்பேன். அவன் எனக்கு ஆறுதல் சொல்லியிருப்பான். நானும் அவன் தோளில் சாய்ந்து அழுதிருப்பேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரில் உட்கார்ந்தேன். "இப்ப சொல்லு. உன் வாயால சொல்லு."

"என்னத்தக்கா?"

"ரூமைக் காலி பண்ணுன்னு சொல்லு. நீ சொல்லாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

"அண்ணி, விடுங்க" என்றாள் அவன் மனைவி. அந்த வீட்டில் அவள் என் கையைத் தொட்டது அன்றைக்குத்தான் முதல் தடவை. நான் அசையவில்லை. தம்பி துண்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். ஆபீசுக்கு நேரமாகிறது என்றான். சாயந்திரம் பேசலாம் என்றான். நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சுவரைப் பார்த்துச் சொன்னான். "காலி பண்ணிக் கொடுத்திடுக்கா."

அவ்வளவுதான். மூன்று வார்த்தை. கூரை இடிந்து விழவில்லை, அவன் நாக்கு அழுகவில்லை. இதையே வருஷ ஆரம்பத்தில் கையைத் துடைத்துக்கொண்டு சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், அப்பாவை இழுத்திருப்பேன், ஒரு மாசம் அவனோடு பேசாமல் இருந்திருப்பேன். பிறகு எங்கேயாவது ஓர் அறை பார்த்துக்கொண்டு போயிருப்பேன். போன இடத்திலும் எனக்குத் தம்பி என்று ஒருவன் மிஞ்சியிருப்பான்.