மூன்று நாள் பயிற்சி

ஊரடங்கு நீங்கி முள்கம்பி வேலியின் கேட் திறப்பதற்குள் நாங்கள் ஒன்பது பேரும் கால்களில் துணி சுற்றி முடித்திருப்போம். பழைய சாரத்தைக் கிழித்துப் பாதத்திலிருந்து முழங்கால்வரை இறுக்கிச் சுற்ற வேண்டும். லாலான் புல் அறுக்காது, அட்டை ஏறாது. பிறகு தகரத் தோம்பில் மருந்தைக் கலந்து பம்பில் ஊற்றி முதுகில் ஏற்றினால் நாற்பது ராத்தல் கனம். மூடியோரம் கசியும் மருந்து முதுகு வழியாக இறங்கி, துணியில் ஊறி, மத்தியானம்வரை காலோடு ஒட்டிக் கிடக்கும். முதலில் எரியும். சில மாதம் போனால் எரியாது. எரியாமல் போனதை நல்லது என்று நினைத்தோம். அவ்வளவுதான் எங்கள் அறிவு.

மற்றவர்கள் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போவார்கள். நாங்கள் மருந்து கேங். மரங்களுக்கு நடுவே லாலான், துரை பங்களாவின் புல்தரை, வாரத்தில் ஒருநாள் லாரி ஏறித் தஞ்சோங் கிளிங்கில் வெள்ளைக்காரர் கிளப்பின் புல்தரை. அங்கே புழு அரித்து ஒரு சாண் புல் மஞ்சளானாலும் துரைக்குத் தூக்கம் வராது. அவசரகாலம் அது. காட்டில் ஒளிந்து வெள்ளைக்காரரோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாதென்று கேட்டில் எங்களைத் தடவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். வெறும் வயிற்றோடு மருந்தடித்தோம்.

குஞ்சம்மா அக்கா எங்கள் கேங்கில் ஒருத்தி, எனக்குப் பக்கத்து வீடு, ஒரே லயத்து வரிசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு வடிக்கும்போது, அடுப்பிலிருந்து விழுந்த கொள்ளியின் மேல் காலை வைத்து நின்றிருக்கிறாள். நாற்றம் வந்து நான் ஓடினேன்.

"என்னா காளியம்மா, என்னமோ தீயுதே?" என்று என்னிடமே கேட்டாள்.

இழுத்து உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பாதம் முழுக்கப் பழைய புண், அதன்மேல் இந்தப் புதுப் புண். அவள் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. அழுகை வராதது எனக்குப் பயமாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை விடியலில் பெரட்டு. ஆபீஸ் முன்னால் எல்லாரும் வரிசையாக நிற்க, கணக்கெழுதும் கிராணி பாலகிருஷ்ணன் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். அன்றைக்குக் கையில் ஒரு காகிதமும் மைப்பெட்டியும் வைத்திருந்தார்.

"கம்பெனிப் பெரிய ஆபீஸ்ல சட்டம் போட்டிருக்காங்க. மருந்து அடிக்கிறவங்க மூணு நாள் பயிற்சி எடுத்திருக்கணுமாம். வெள்ளிக்கிழமை பார்க்க வராங்க. எடுத்துட்டோம்னு கைநாட்டு வைங்கலா."

"எப்ப எடுத்தோம்?" என்றான் நாகமுத்து, எங்கள் கேங்தான்.

"போன மாசம்."

"எங்க, கனவுலயா?"

நான் தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள். காகிதத்தின் கீழ்ப்பாதி தமிழில் இருந்தது. வாங்கி உரக்கப் படித்தேன். மருந்தைக் கையால் தொடக்கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். ரப்பர் பூட்ஸ் அணிய வேண்டும். கால்களில் துணி சுற்றக்கூடாது, மருந்து அதில் ஊறி உடம்பில் இறங்கும். இவை யாவும் எங்களுக்குக் கற்பிக்கப்பட்டன.

எட்டுப் பேரும் குனிந்து எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குக் கிடைத்த பயிற்சி அதுதான்.

"குஞ்சம்மா அக்கா பேரும் இதுல இருக்கே?" என்றேன்.

கிராணி குரலைத் தாழ்த்தினார். "சொல்லிக் குடுத்தும் கேக்காம துணி சுத்துனா, தப்பு அவ மேலன்னு துரை எழுதச் சொன்னாரு. வேலையிலேருந்து பேரை வெட்டியாச்சு. மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணணும்."

வேலிக்கு வெளியே அவளுக்கு யாரையும் தெரியாது. நடக்கவும் முடியாது. எங்கே போவாள்?

துரை படியிறங்கி வந்தார். தமிழை அதட்டுவதற்கு மட்டும் கற்றுக்கொண்ட மனிதர்.

"என்னா சத்தம்? வை கைநாட்டு!"

"படிக்காத பாடத்துக்கு எப்படிங்க வைக்கிறது, துரை?" என்றேன்.

"இப்ப படிச்சே. போதும்."

"சட்டத்துல மூணு நாளுன்னு இருக்குங்க."

"குஞ்சம்மா சொன்ன பேச்சு கேக்கல. நீயும் அப்படியா?"

அப்போதுதான் தங்கையா தண்டல் முன்னால் வந்தார். எங்களை மேய்த்து வேலை வாங்குகிறவர், இருபது வருசத்தில் துரையை நிமிர்ந்து பார்க்காதவர்.

"சொன்ன பேச்சை அவ கேட்டாளுங்க, துரை. துணி சுத்தச் சொன்னது நான்தான். எல்லாருக்கும் நான்தான் சொன்னேன். எனக்கு யாரும் எதையும் சொல்லிக் குடுக்கலீங்க."

அந்த மனுசனை அறையவும் தோன்றியது, கும்பிடவும் தோன்றியது. இரண்டையும் செய்யவில்லை. முதுகிலிருந்த பம்பை இறக்கிக் கீழே வைத்தேன். நாகமுத்து வைத்தான். எட்டுப் பம்புகளும் தரைக்கு வந்தன.

"கூட்டம் போடுறியா? அஞ்சு பேருக்கு மேல சேந்தா போலீஸ் தூக்கிப் போகும், தெரியுமா?"

"நாங்க சேரலீங்க" என்றான் நாகமுத்து. "பெரட்டுக்கு நீங்கதான் கூப்பிட்டீங்க."

கிழக்கு வெளுத்துவிட்டது. பால்மரம் வெட்டுகிறவர்கள் இந்நேரம் மரங்களுக்கு நடுவே இருக்க வேண்டும். ஒருவரும் அசையவில்லை. அவர்களில் மூத்தவரான சாமிக்கண்ணு அண்ணன் பால்வாளியைத் தரையில் வைத்தார்.

"வெயில் ஏறினா பால் நின்னுடும், துரை. பயிற்சி எப்போ, குஞ்சம்மா வீடு என்னா ஆவுது, சட்டுனு சொல்லிடுங்க."

துரையின் முகம் சிவந்தது. "கிராணி! பேர் கூப்பிடு. வேலைக்குப் போறவன் கேட்டுக்குப் போ. போகாதவன் பேரைப் போலீசுக்கு எழுது!" சொல்லிவிட்டு டெலிபோனுக்குப் போனார். கேட்டிலிருந்த ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு எங்களை நோக்கி நடந்து வந்தார்கள்.

கிராணி மருந்து கேங்கிலிருந்து ஆரம்பித்தார்.

"காளியம்மா."

"இருக்கேன்."

"நாகமுத்து."

"இருக்கேன்."

எட்டுப் பேரும் நின்ற இடத்திலேயே நின்றோம். கிராணி பக்கத்தைப் புரட்டப் போனார்.

"ஒரு பேரு விட்டுப் போச்சு, கிராணி" என்றார் தண்டல்.

கிராணி ஆபீஸ் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே துரை போனில் கத்திக்கொண்டிருந்தார். சிவப்பு மையில் அடித்திருந்த பெயரின் மேல் கிராணி விரலை வைத்தார். அவருக்கும் வீடு இந்த வேலிக்குள்தான்.

"குஞ்சம்மா" என்றார்.

"இருக்கா" என்றோம். எட்டுக் குரல்கள்தான் எழும் என்று நினைத்தேன். பெரட்டு முழுதும் சொன்னது.

கிராணி அவள் பெயருக்கு நேரே வந்ததாகக் குறித்துக்கொண்டார்.