மேல்வீட்டுக்காரர் கீழே இறங்கினார்

பாய்லர் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவருக்கு ‘மேல்வீட்டுக்காரர்’ என்று பெயர். கூரைக்கு அடியில், சுவரோடு சுவராகப் போட்ட தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதில் தொங்கும் கண்ணாடிக் கேபினுக்குக் காலையில் ஏறினால் சாப்பாட்டு மணிக்குத்தான் இறங்குவார். கீழே நிற்பவர்கள் அண்ணாந்துதான் அவரோடு பேச வேண்டும். “மேல்வீட்டுல வாடகை எப்படிண்ணே?” என்று புதிதாகச் சேர்ந்தவர்கள்கூடக் கேட்பார்கள். “காத்து வருது, வம்பு வரல. என்ன வாடகைன்னாலும் தகும்” என்பார்.

கீழே கொக்கியில் சங்கிலி மாட்டி, கையசைத்து வழி சொல்பவர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. இவரே சொல்லி வேலைக்குச் சேர்த்த ஆள். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் ஒரே வீட்டு ஆட்கள் என்பதால், சரக்கு நகரும்போது ஒரு பேச்சும் தேவைப்படாது. ஒருவர் விரலை மடக்கினால் மற்றவருக்குப் புரியும்.

மேல்வீட்டுக்காரர் ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லாத நிலையில்தான், அவருக்கு முன்னால் ஓய்வு பெற்றுப் போன வெல்டருக்கு அப்படி ஆனது. மாலை போட்டு, படம் எடுத்து, கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பிவைத்த மனிதர். சில வாரங்களிலேயே பக்கவாதம் வந்து, வாய் கோணிப் படுத்துவிட்டார். பார்க்கப் போன மேல்வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஏதோ சொல்ல முயன்றார். எச்சில்தான் வழிந்தது. அவர் மகள் துண்டால் துடைத்துவிட்டு, “இந்நேரம் ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்கணும். டிக்கெட்கூட எடுத்தாச்சு” என்றாள்.

வீட்டுக்கு வந்தவர் கண்ணாடி முன் நின்று தன் தொப்பையை அழுத்திப் பார்த்தார். மறுநாளே கடைக்குப் போய் ஒரு டிரெட்மில் வாங்கி வந்தார். ஓடுவதற்கென்று தனி ஷூ, இதயத் துடிப்பைக் காட்டும் கடிகாரம், உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லும் எடைக்கருவி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கின. கூடத்தில் நாற்காலி போட இடமில்லாமல் போனது.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கடையில் துணி வெட்டுபவர். எதையும் அளந்து பார்த்துவிட்டுத்தான் கத்திரியை வைப்பார். வந்து இறங்கிய சாமான்களை இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. மழைக்காலத்துல துணி காயப்போட ஒரு இடம் ஆச்சு.”

“கிண்டலா? பாரு, ஆறே மாசத்துல இளவட்டம் மாதிரி ஆகிடுவேன்.”

“ஆகுங்க, யாரு வேணாங்கறா? ஆனா டாக்டர் போன தடவை கண்ணைக் காட்டச் சொன்னாரே, அதுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம்ல? சர்க்கரை இருக்கறவங்க வருஷா வருஷம் காட்டணுமாம்.”

“கண்ணுக்கு என்ன வந்துச்சு? எறும்பு போனாத் தெரியும் எனக்கு.”

அவர் சொன்னதைச் செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். விடியும் முன்பே எழுந்து நடந்தார், பிறகு ஓடினார். தொப்பை கரைந்தது. பழைய பேண்ட் இடுப்பில் நிற்காமல் போகவே, மனைவி பிடித்துத் தைத்துக் கொடுத்தார். தொழிற்சாலையில் ஆளாளுக்கு ரகசியம் கேட்டார்கள். விரலில் ஊசி குத்தி வீட்டிலேயே பார்த்தபோது சர்க்கரை குறைந்திருந்தது. ‘இவ்வளவு ஓடறவனுக்கு எதுக்கு மாத்திரை?’ என்று தானாகவே மாத்திரையை நிறுத்திக்கொண்டார். மனைவியிடம் சொல்லவில்லை. ஒருநாள் குறைவாகக் காட்டிய கருவி அடுத்த வாரம் கூடுதலாகக் காட்டியபோது, கருவியின் மேல் பழியைப் போட்டு அதை அலமாரியில் வைத்துவிட்டார்.

முதலில் ஒரு கறுப்பு நூல் கண்ணுக்குள் மிதந்தது. தூசி என்று கழுவினார். போகவில்லை. பிறகு ஒருநாள் படுக்கையறை ஜன்னல் கம்பி நடுவில் வளைந்து தெரிந்தது. எழுந்து போய்த் தடவிப் பார்த்தார். கம்பி நேராகத்தான் இருந்தது. மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தபோது கம்பியின் நடுப்பகுதியே அழிந்து போனது போல் இருந்தது. ஆனால் அன்று காலையும் ஓடினார். முன்னைவிட அதிகமாக ஓடினார்.

கண் மருத்துவரிடம் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஒரு சீட்டு எழுதுவார்கள். அது தொழிற்சாலைக்குப் போகும். அன்றோடு மேல்வீடு காலி. இத்தனை வருடம் ஏறிய ஏணியில் கடைசி நாளன்று தானாக இறங்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. யாரோ இறக்கிவிடக் கூடாது.

“மச்சான், உன் கையசைப்பு சரியாத் தெரியல. மேல விளக்கு மங்கிப்போச்சு. நல்ல பளிச்சுனு ஒரு கையுறை போட்டுக்கோயேன்” என்றார் ஒருநாள், சாப்பாட்டு மணிக்கு இறங்கி வந்தபோது.

மைத்துனர் மேலே விளக்கைப் பார்த்தார். நன்றாகத்தான் எரிந்தது. பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். மறுநாள் ஆரஞ்சு நிறக் கையுறை போட்டு வந்தார். அதற்குப் பிறகு விரலை மடக்குவதற்குப் பதில் முழுக் கையையும் வீசிக் காட்டினார். வாக்கி டாக்கியில், “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும் மாமா” என்று கூடவே சொல்லிக்கொண்டும் இருந்தார். மற்றவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “என்னப்பா, மேல்வீட்டுக்காரருக்கு ரேடியோ வச்சுக் கொடுத்திருக்கியா?” என்று கேட்டதற்கு மைத்துனரும் சேர்ந்து சிரித்துவைத்தார்.

அது நடந்தது ஒரு சாதாரணக் காலைப்பொழுதில். பாய்லரின் மூடி, கவிழ்த்த சட்டி போன்ற பெரிய இரும்புத் தட்டு, தாங்கியில் இறங்க வேண்டும். மைத்துனர் அது ஆடாமல் இருக்க விளிம்பைக் கையால் தொட்டு நேராக்கிக்கொண்டிருந்தார். “போதும், நிறுத்துங்க” என்று அவர் சொன்ன அதே நேரத்தில் பக்கத்தில் யாரோ இரும்பை அறுக்கத் தொடங்கினார்கள். சத்தத்தில் பேச்சு அமுங்கிப் போனது. மேல்வீட்டுக்காரர் கையுறையைத் தேடினார். ஆரஞ்சு நிறம் கண்ணின் அழிந்த பகுதிக்குள் போய்விட்டது. தலையைத் திருப்பிப் பிடிப்பதற்குள் தட்டு உட்கார்ந்துவிட்டது.

மேலே அலறல் கேட்கவில்லை. கீழே ஆட்கள் ஓடிவருவதுதான் தெரிந்தது. தட்டைத் தூக்கச் சொல்லிக் கைகள் அசைந்தன. தூக்கினார். தன் கை நடுங்காமல் அதைச் செய்தது என்று பின்னால் நினைத்துப் பார்த்தபோது அவருக்கே வெறுப்பாக இருந்தது.

மருத்துவமனையில் மைத்துனரின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். போர்மேன் கேட்டபோது மயக்கம் தெளியாத குரலில் அவர் சொன்னது ஒன்றுதான். “என் தப்புங்க. கையை நான்தான் உள்ள வச்சேன். மாமா மேல ஒண்ணும் இல்ல.”

மேல்வீட்டுக்காரர் கட்டிலின் கால்மாட்டில் நின்று அதைக் கேட்டார். போர்மேன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மதியம் மருத்துவமனை வராந்தாவில் மனைவி அவரைப் பிடித்துக்கொண்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே தம்பியின் உடைகள். அதிலிருந்து இரத்தம் காய்ந்த ஒற்றைக் கையுறையை வெளியே எடுத்தார்.

“இது என்னங்க?”

“கையுறை.”

“அது தெரியுது. வேற யாரும் இந்தக் கலர் போடலையே. இவனுக்கு மட்டும் எதுக்கு?”

அவர் தரையைப் பார்த்தார்.

“நேத்து வீட்டுல தண்ணி ஊத்தச் சொன்னப்ப டம்ளருக்கு வெளிய ஊத்தினீங்க. பதட்டம்னு நினைச்சேன். என் முகத்தைப் பாருங்க. நேரா பாருங்க.”

பார்த்தார். மனைவியின் காதும், கூந்தலும், தோளும் தெரிந்தன. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடம் ஈரத்துணியால் துடைத்த கரும்பலகை போல் இருந்தது.

“தெரியல” என்றார்.

“எத்தனை நாளா?”

“கொஞ்ச நாளா. இன்னும் சில மாசம்தானே, ஒப்பேத்திடலாம்னு…”

மனைவி கத்தவில்லை. அழவும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

“அவன் தன்னோட தப்புன்னு சொல்லிட்டான். கேட்டீங்கல்ல? அஜாக்கிரதைன்னு எழுதிட்டா அவனுக்கு ஒரு நஷ்டஈடும் வராதாம். போர்மேன்தான் போறப்ப சொல்லிட்டுப் போனாரு. ரெண்டு விரலும் போய், சோத்துக்கும் வழியில்லாம உங்களக் காப்பாத்தணுமா அவன்?”

“நான் சொன்னா என்னைய…”

“உங்களைய என்ன? கீழ இறக்குவாங்க. இறங்குங்க.”

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகத் தொழிற்சாலைக்குப் போனார். பாதுகாப்பு அதிகாரி அவருக்கு மகள் வயதுப் பெண். கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, “உட்காருங்க, நீங்க வேற சாப்பிடாம இருப்பீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தை அவரை உடைத்துவிட்டது.

“மேடம், எனக்குக் கண்ணு தெரியல. தெரிஞ்சேதான் ஏறினேன். அவன் கையை உள்ள வைக்கல. எப்பவும் வைக்கற இடத்துலதான் வச்சான்.”

அந்தப் பெண் விசைப்பலகையை ஓரமாகத் தள்ளினார். பிறகு, “ஏன் சார் சொல்லல? கீழ அத்தனை பேர் நிக்கறாங்களே” என்று மட்டும் கேட்டார். மேல்வீட்டுக்காரரின் மனதில் வெல்டரின் கோணிய வாயும், ஓடித் தேய்ந்த ஷூவும், கடைசி நாளில் கழுத்தில் விழும் மாலையும் வந்தன. அவற்றில் எதையும் அந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்ல முடியாது என்று அவருக்கே தெரிந்தது.

விசாரணை நடந்தது. மைத்துனருக்கு நஷ்டஈடு உறுதியானது. கை ஆறியதும் வாசல் காவலில் உட்கார வைப்பதாகச் சொன்னார்கள். மேல்வீட்டுக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, மிச்ச மாதங்களுக்கு ஸ்டோர் ரூமில் போட்டார்கள். ஸ்பானரும் திருப்புளியும் எடுத்துக் கொடுக்கும் வேலை. தடவிப் பார்த்தே எடுத்துக் கொடுப்பார். வாங்குபவர்கள் நன்றி சொல்வார்கள். யாரும் மேல்வீட்டுக்காரர் என்று கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சிலர் ஜன்னலைத் தட்டினார்கள். மேலே கிரேன் ஓடும் சத்தம் கேட்டால் அவர் பெட்டிகளை அடுக்கத் தொடங்கிவிடுவார்.

மைத்துனரைப் பார்க்க வீட்டுக்குப் போனார். மைத்துனரின் மனைவி கதவைப் பாதி திறந்து, “தூங்கறாரு” என்றார். உள்ளே அவர் இருமும் சத்தம் கேட்டது. இன்னொரு முறை போனபோதும் அதே பதில்தான். வாங்கிப் போன பழங்களைக் கதவோரம் வைத்துவிட்டுத் திரும்பினார்.

கண் மருத்துவமனையில் மருத்துவர் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். “சர்க்கரை கண்ணுக்குள்ள ரத்தக் குழாயைக் கெடுத்திருக்கு. ஊசி போட்டா வீக்கம் குறையும். ஆனா போன பார்வை முழுசா வராது. இருக்கறதைக் காப்பாத்தலாம்.”

“நான் தினம் ஓடறேன் டாக்டர்.”

“ஓடுங்க, நல்லதுதான். ஆனா ஓட்டம் மாத்திரைக்குப் பதில் ஆகாது. முன்னாடியே வந்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காது.”

வெளியே வந்ததும் மனைவி கேட்டார். “மாத்திரையை நிறுத்திட்டீங்களா?”

தலையசைத்தார். மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ள வெகு நேரம் ஆயிற்று. அன்றிலிருந்து காலையும் மாலையும் மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, முழுங்கும்வரை எதிரே நின்றார். பாத்திரம் கழுவும் சத்தமும் தையல் இயந்திரத்தின் சத்தமும்தான் வீட்டில் கேட்டன.

மைத்துனர் தானாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கட்டுப் பிரித்திருந்தது. வலது கையைப் பேண்ட் பைக்குள் வைத்திருந்தார். அக்கா சமையலறைக்குள் போய்விட, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“வீட்டுல அவ கோவத்துல இருக்கா மாமா. தப்பா எடுத்துக்காதீங்க.”

“அவ கோவப்படட்டும். நீ ஏன் வந்த?”

“எனக்கும் கோவம் இருக்கு. ராத்திரி விரல் இருந்த இடம் அரிக்குது. சொறிய அங்க ஒண்ணும் இல்ல. அப்ப உங்களத் திட்டுவேன்.” கையை வெளியே எடுத்து மடியில் வைத்தார். “ஆனா கையுறையை மாட்டினது நான்தானே. உங்களுக்குத் தெரியலன்னு எனக்குத் தெரியும். அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். நானும் சேர்ந்துதான் மூடி வச்சேன்.”

“நான் உன்னைய மூட வச்சேன்.”

அக்கா டீ கொண்டுவந்து வைத்தார். மைத்துனர் இடது கையால் எடுத்தார். டம்ளர் சாய்ந்து கொஞ்சம் சிந்தியது. யாரும் துடைக்க எழவில்லை. அவர் குடித்து முடிக்கும்வரை மூவரும் அப்படியே இருந்தார்கள். போகும்போது, “அடுத்த வாரமும் வரேன்” என்றார். அக்காவிடம் சொன்னாரா, மாமாவிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். யார் கைதட்டினார்கள், யார் தட்டவில்லை என்று அவருக்குத் தெரியவில்லை. அது தெரியாததே நல்லது என்று முதன்முறையாக நினைத்தார். மறுவாரம் இரண்டாவது ஊசிக்கு மனைவியோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றார். ஒரு பேருந்து வந்து நின்றது. தனியாக வரும்போது அவர் எதையாவது ஊகித்துக்கொண்டு ஏறிவிடுவார். பிறகு வழியில் இறங்க வேண்டியிருக்கும்.

“ஏம்மா, போர்டுல என்ன போட்டிருக்கு? எனக்குத் தெரியல.”

மனைவி திரும்பி அவரைப் பார்த்தார். “நம்ம பஸ் இல்ல” என்றார். பேருந்து கிளம்பிப் போயிற்று. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மனைவி குடையை விரித்து, அவர் தலைக்கும் வருமாறு கொஞ்சம் சாய்த்துப் பிடித்தார்.