புது வண்டியில் நடு சீட்

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். முப்பத்தைந்து வயதைத் தாண்டியும் அந்தப் பெயர் போகவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் மேடம். எக்ஸ்ரே அறையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொன்னால் எப்பேர்ப்பட்ட முரடனும் பெட்டிப் பாம்பாகிவிடுவான். அந்தக் குரலை வேலை முடிந்ததும் கோட்டோடு சேர்த்துக் கழற்றி மாட்டிவிட்டு வருவதுதான் அவள் வழக்கம்.

கார் வாங்கியது அவள். ஷோரூமில் விற்பனைப் பையன் அட்டையில் செய்த பெரிய சாவியைத் தூக்கிக்கொண்டு நேராக அப்பாவிடம் போனான். "வாழ்த்துகள் சார்! உங்க ஃபேமிலிக்கு ஏத்த வண்டி!" அப்பாவும் மறுப்புச் சொல்லாமல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றார். அண்ணன் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டான். அம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு ஓரமாக ஒண்டினாள். எடுத்து முடித்த பிறகுதான் பாப்பாவுக்கு உறைத்தது, ஃபோட்டோ எடுத்தது தான் என்பது.

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டாள்.

அப்பா காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணனுக்கு மீசை அரும்புவதற்கு முன்பே அவனை மடியில் உட்காரவைத்து ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். பாப்பா கேட்டபோது, "உனக்கு எதுக்கு? கூட்டிட்டுப் போக நாங்க இல்லையா?" என்றார். இருந்தார்கள்தான். கூட்டிக்கொண்டுதான் போகவில்லை. மழையென்றாலும் வெயிலென்றாலும் அவள் ஷேர் வேனில் யாரோ ஒருவரின் முழங்கை விலாவில் இடிக்க நசுங்கித்தான் வேலைக்குப் போய்வந்தாள். கடைசியில் வீட்டில் மூச்சுவிடாமல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். லைசென்ஸைக் கொண்டுவந்து காட்டியபோது அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃபோட்டோ நல்லா விழுந்திருக்கு" என்றார்.

வண்டி வந்த ஞாயிற்றுக்கிழமை, எல்லோருமாக அணைக்குப் போய்விட்டு வரலாம் என்று சொன்னதும் அவள்தான். காலையில் அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது அண்ணன் வந்து கதவைத் திறந்தான்.

"எறங்கு, எறங்கு. ஹைவே. லாரியெல்லாம் வரும்."

"நான் ஓட்டுறேன்ணா."

"ஓட்டுவ, ஓட்டுவ. முதல்ல நம்ம தெருவுல நாலு ரவுண்டு அடி. அப்புறம் பாக்கலாம்."

முன் சீட்டில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்ட அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவன்கிட்ட குடு பாப்பா. புது வண்டி."

"புது வண்டி என்னுதுப்பா."

"யாரு இல்லன்னது?"

அம்மா பின்னாலிருந்து அவள் கையைத் தொட்டாள். "காலங்காத்தால ஆரம்பிக்காதடி. விடு, ஒரு நாள்தானே."

இறங்கினாள். அண்ணன் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்திருந்தான். டிக்கியில் அது படுக்காததால் பின் சீட்டில் ஒரு பக்கம் சாய்த்துவைத்தான். மறுபக்கம் ஜன்னலோரம் அம்மா, அவளுக்குத் தலைசுற்றும். மிச்சமிருந்தது நடு. காலுக்கடியில் மேடு தட்ட, முழங்காலை மடக்கிக்கொண்டு, தன் காரின் நடு சீட்டில் பாப்பா உட்கார்ந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலிக் கால் அவள் இடுப்பில் குத்தியது.

வழியெல்லாம் அண்ணன் ராஜா மாதிரி ஓட்டினான். அவள் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்த பாட்டை மாற்றினான். எதிரே வந்தவனுக்கெல்லாம் ஹாரன் அடித்தான். வேகத்தடை ஒன்றை அவன் கவனிக்காமல் ஏற்றியதில் வண்டியின் அடிவயிறு தரையில் உரசியது. பாப்பாவுக்குத் தன் வயிறே உரசியது போலிருந்தது.

"மெதுவா போண்ணா."

"பின்னாடி உக்காந்துக்கிட்டு சொல்றது ஈசி."

"கை சுத்தம் பாரு அவனுக்கு," என்றார் அப்பா. "அதெல்லாம் ரத்தத்துல வரணும்."

அவளுக்கு மட்டும் என்ன, கடையில் வாங்கி ஊற்றிய ரத்தமா? வாய்வரை வந்ததை விழுங்கினாள். அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தன.

அணையில் வண்டி நிறுத்துமிடம் சரிவாக இருந்தது. அண்ணன் ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றியபடி ரிவர்ஸ் எடுத்தான். அலாரம் கீச்கீச்சென்று கத்தியது. "இது ஒண்ணு, சும்மா கத்தும்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் வண்டியின் பக்கவாட்டில் நீளமாக ஒரு சத்தம் கேட்டது. பல்லில் ஆணி கீறுவது போன்ற சத்தம்.

இறங்கிப் பார்த்தார்கள். சிமெண்ட் கம்பம் பின் கதவிலிருந்து விளக்குவரை ஒரே கோடாக இழுத்துவிட்டிருந்தது. பெயிண்ட் சுருண்டு உள்ளே வெள்ளைத் தகரம் தெரிந்தது. அண்ணன் எச்சிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். "சின்னதுதான். பாலிஷ் போட்டா போயிடும்."

அப்பா பாப்பாவின் பக்கம் திரும்பினார். "பின்னாடி உக்காந்திருந்தவ நீதானே? பாத்துச் சொல்றதுக்கு என்ன?"

பாப்பா கையை நீட்டினாள்.

"சாவி."

"இரு, ஒரு டீயக் குடிச்சிட்டு..."

"சாவியக் குடு. அசையாத. குடு."

எக்ஸ்ரே அறைக் குரல். அண்ணன் சிரித்துக்கொண்டிருந்த வாயை மூடாமலே சாவியை அவள் கையில் வைத்தான். பாப்பா மடக்கு நாற்காலியை இழுத்துத் தரையில் போட்டாள். அது தானாகவே பாதி விரிந்து நின்றது. டிக்கியிலிருந்து சாப்பாட்டுப் பையை எடுத்து அதன்மேல் வைத்தாள். முன் கதவைத் திறந்துவிட்டாள்.

"அம்மா, ஏறு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அவர விட்டுட்டு எப்படிடி?"

"ஏறும்மா."

"கோவத்துல எதுவும் பண்ணாதடி..."

ஏறவில்லை. கீறலைவிட அதுதான் பாப்பாவுக்கு ஆழமாக இறங்கியது. கதவை அறைந்து சாத்திவிட்டுக் கிளம்பினாள்.

ஜன்னல்களை ஏற்றிவிட்டு, காலியான சீட்டுகளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள். இத்தனை வருஷமாக விழுங்கியதெல்லாம் வந்தது. ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. அட்டைச் சாவியைத் தூக்கிக்கொண்டு போன பையனுக்கும் சேர்த்துக் கிடைத்தது. லாரிகள் வந்தன, அதனதன் வழியில் போயின. ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினாள்.

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன், அண்ணன், அப்பா. எடுக்கவில்லை. பிறகு அம்மா. மிஸ்டு கால் மட்டுமே கொடுக்கத் தெரிந்த அம்மா விடாமல் அடித்தாள்.

"என்ன?"

"நான் மெயின் கேட்டுக்கு வந்துட்டேன்டி. தனியாத்தான் நிக்கறேன். வா."

"அவரு?"

"ரெண்டு பேரும் யாரு தப்புன்னு சண்டை போட்டுட்டு இருக்காங்க. போடட்டும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் ஏறியிருக்கணும் பாப்பா."

திரும்பிப் போனாள். அம்மா வெயிலில், கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். முன் சீட்டில் ஏறி பெல்ட்டை இழுத்து மாட்டினாள். அதற்குள் அப்பாவும் அண்ணனும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"கார் வாங்கின திமிரு!" அண்ணனுக்கு முகமெல்லாம் சிவந்திருந்தது. "அப்பா, இவ வண்டியில நீங்க ஏறாதீங்க. பஸ்ல போலாம்."

அப்பா பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை இந்த ரூட்ல சாயங்காலம்வரைக்கும் ஒண்ணும் வராதுடா," என்று முனகிவிட்டுப் பின் கதவைத் திறந்து ஏறினார். அண்ணன் நாற்காலியோடு அங்கேயே நின்று, யாரோ நண்பனுக்கு ஃபோன் போட்டான்.

பாப்பா ஹைவேயில் ஏறியதும் பின்னாலிருந்து ஆரம்பித்தது. "லாரி, லாரி! பிரேக் போடு! இடது, இடது! கியர மாத்து!"

அவள் இண்டிகேட்டர் போட்டு, ஓரம்கட்டி நிறுத்தினாள். திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்பா, உங்க பஸ்ல யாராவது பின்னாடி உக்காந்து இப்படிக் கத்திக்கிட்டே வந்தா என்ன பண்ணுவீங்க?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"சொல்லுங்க."

"எறக்கி விட்டுருவேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டியை எடுத்தாள். அப்பா அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. கால்தான் கேட்கவில்லை, திருப்பத்துக்குத் திருப்பம் தரையை அழுத்தி பிரேக் போட்டபடியே வந்தது. கண்ணாடியில் அவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. பாவமாக இருந்தது. பாவப்படக் கூடாது என்று அவள் ரோட்டைப் பார்த்தாள்.

வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பா கீறல் பக்கம் போய்க் குனிந்தார். "நாளைக்கு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து நான் சரி பண்ணித் தர்றேன்."

"வேணாம். இடிச்சவன் பண்ணட்டும்."

"அவன் எங்க..."

"அவன்தான் பண்ணணும்."

அண்ணன் ஒரு மாதம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்களிடமெல்லாம் தங்கச்சி தன்னை நடுரோட்டில் விட்டுவிட்டுப் போனதாகச் சொல்லிப் புலம்பினான். நாற்காலியைப் பற்றிச் சொல்லவில்லை, கம்பத்தைப் பற்றியும் சொல்லவில்லை. கடைசியில், அன்றைக்குப் பிறந்தகம் போயிருந்த அண்ணிதான் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். ஒர்க்ஷாப்பில் கீறலைச் சரிபண்ணி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "முடிஞ்சிடுச்சு, இப்ப திருப்திதானே?" என்றான்.

"இல்ல. தப்பு என்னுதுன்னு நீ இன்னும் சொல்லல," என்றாள் பாப்பா.

அவன் அதை எதிர்பார்க்கவில்லை. அப்பா செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து தலையைத் தூக்கினார். அவள் அவன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, டிரைவர் சீட்டில் ஏறி டியூட்டிக்குக் கிளம்பிப் போனாள்.